அயல்மொழிப் பெயர் ஒலிப்பு

அயல்மொழிப் பெயர் ஒலிப்பு என்பது ஒரு மொழியைப் பேசுவோர் தமக்குப் பழக்கமில்லாத மொழியைச் சேர்ந்த ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் கேட்டு, உணர்ந்து, தம் மொழியின் ஒலிகளால் சொல்லும் அல்லது எழுதும் முறையைக் குறிக்கும். பழக்கமில்லாத பலுக்கல் முறையில் ஒருவர் பேசும்பொழுது அதனைப் புரிந்துகொள்வதும் இதனோடு நெருங்கிய தொடர்புடையது. நாவைக் காட்டிலும் செவிக்கே இதில் பங்கு அதிகம். கேட்காத ஒலியை எவராலும் சரியாகச் சொல்ல இயலாது.

செவியும் தாய்மொழியும்

பிறந்த குழந்தை உலக மொழிகளின் பெரும்பாலான ஒலி வேறுபாடுகளை உணரவல்லது. சானெட் வெர்க்கர், ரிச்சர்டு டீசு ஆகிய இருவரும் 1984 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றது. ஆங்கிலம் பேசும் குடும்பங்களில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள், இந்தி மொழியில் உள்ள பல்லொலி தகரத்துக்கும் நாவளை டகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தன. 10 முதல் 12 மாதங்களுக்குள் அத்திறன் பெரிதும் குறைந்துவிட்டது. 'பத்து', 'பட்டு' ஆகியவற்றின் வேறுபாடு தமிழருக்கு எவ்வளவு வெளிப்படையோ, அவ்வளவு மங்கலானது ஆங்கிலேயருக்கு. இதனை அவர்களது கவனக்குறைவாகக் கொள்வது பொருந்தாது.

தமிழருக்கும் இத்தகைய இடர்கள் உண்டு. தமிழ் எழுத்து முறையில் ககரம் ஒன்றே. சொல்லின் முதலில் அது வல்லொலியாகவும், மெல்லினத்தை அடுத்து ஒலிப்புடையதாகவும், இரு உயிர்களுக்கிடையே மென்மையாகவும் ஒலிக்கின்றது. இடம் பார்த்து ஒலி தானாக மாறுவதால் தமிழர் இவ்வேறுபாட்டை உணர்வதில்லை. எனவே இடம் மாறி வரும் அயல் ஒலிகளைப் பிரித்தறியத் தனிப்பயிற்சி தேவைப்படுகின்றது.

தமிழ் இலக்கண மரபு

பிறமொழிச் சொற்களைத் தமிழில் எவ்வாறு ஏற்பது என்னும் வினா புதியதன்று. வடசொற்களை ஏற்கும்பொழுது வட எழுத்துகளை நீக்கித் தமிழ் எழுத்துகளால் அமைத்துக்கொள்ள வேண்டும் என்னும் கருத்தைத் தொல்காப்பியம் எச்சவியலில் கூறுகின்றது. பவணந்தி முனிவரின் நன்னூல் பதவியலில் வடமொழியாக்கத்துக்கு விரிவான விதிகளைத் தருகின்றது. சொல்லின் முதலில் வாராத ரகரத்துக்கும் லகரத்துக்கும் முன்னர் உயிரெழுத்தைச் சேர்ப்பது அவற்றுள் ஒன்று. அரங்கம், இராமன், உலோகம் ஆகியன அவ்வாறு அமைந்தவை. ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்துவதா என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை.

தியாகதுருகம் என்னும் பெயர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சேலம் - உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் அமைந்துள்ள தியாகதுருகம் இப்பொருளுக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். இவ்வூர்ப் பெயரே வேற்று மொழியிலிருந்து வந்து தமிழ் ஒலிக்கு இசைந்ததாகும். வடமொழியில் முதற்சொல்லின் தொடக்கத்தில் தகர மெய்யும் யகரமும் இணைந்து நிற்கின்றன. தமிழ் அதனை ஏற்காமல் இடையில் இகரம் சேர்த்துத் 'தியாகம்' என்றாக்கிற்று. கோட்டையைக் குறிக்கும் 'துர்க்கம்' என்னும் சொல்லில் ரகர மெய்யை அடுத்து உகரம் சேர்ந்து 'துருகம்' ஆயிற்று. ஒரே பெயரில் இரண்டு இடங்களில் மெய்ம்மயக்கம் உடைக்கப்பட்டுள்ளது.

இதே பெயர் பின்னர் ஐரோப்பியர் செவியில் வேறு வகையாக விழுந்தது. இங்குள்ள மலைக்கோட்டை கருநாடகப் போர்களில் பெரும் பங்கு வகித்தது. 1757க்கும் 1790க்கும் இடையே பலமுறை முற்றுகையிடப்பட்டது. 1760 இல் பிரெஞ்சுக்காரர் ஐதர் அலியின் மைசூர்ப் படையினருக்கு இதனை விட்டுக்கொடுத்தனர். 1761 இல் புதுச்சேரி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் வசமாயிற்று. இப்போர்களின் வரலாற்றை எழுதிய இராபர்ட்டு ஓர்மே இவ்வூரைத் 'தியாகர்' என்று ஒலிக்கும் வகையில் எழுதினார். துருகம் என்னும் பின்பகுதி அடியோடு மறைந்துவிட்டது. வேறு சில ஆங்கில ஆவணங்களில் அப்பகுதி 'துரூக்' என ஓரசையாகச் சுருங்கியுள்ளது. சுற்றுப்புற ஊர்களுக்கும் இதே நிலைதான். செஞ்சி 'ஜிஞ்ஜி' ஆயிற்று. வந்தவாசி 'வாண்டிவாஷ்' ஆயிற்று. திருவண்ணாமலை 'திரினோமலி' ஆயிற்று. பழைய ஆங்கில நூல்களில் இப்பகுதி வரலாற்றைத் தேடும் மாணவர் இவ்வடிவங்களை அறியாவிடில், தம் ஊர் பற்றிய செய்தி கண்முன் இருந்தும் காணாது கடந்து செல்வர். அண்மையிலுள்ள கல்வராயன் மலையும் ஆங்கில வரைபடங்களில் வகரம் இழந்து 'கல்ராயன்' என்றே காணப்படுகின்றது.

தமிழர் தரப்பிலும் கணக்கு நேராகவே உள்ளது. பிராங்கு என்னும் ஐரோப்பிய இனப்பெயர் பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து, தமிழில் இல்லாத முதலொலி பகரமாகிப் 'பறங்கி' ஆயிற்று. கடலூர் மாவட்டத்துப் பறங்கிப்பேட்டை அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. பீரங்கி என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததாகவே கருதப்படுகின்றது. சமையலறையில் இருக்கும் பறங்கிக்காயையும் இவ்விடத்தில் மறக்கவேண்டியதில்லை.

புதுச்சேரியில் இரு மொழிக்கும் பாலமாக இருந்தவர்கள் துபாசிகள். இரு மொழி பேசுவோர் என்பது இச்சொல்லின் பொருள். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அவர்களுள் புகழ்பெற்றவர். அவர் பிரெஞ்சுப் பெயர்களை ஏட்டிலிருந்து அன்றி நேரில் கேட்டறிந்தவர். பிற்காலத்தவருக்கு இவ்வாய்ப்பு இல்லை. அவர் பணிபுரிந்த ஆளுநரின் பெயரைத் தமிழ்ப் பாடநூல்கள் பலவற்றில் 'டூப்ளே' எனக் காணலாம். பிரெஞ்சில் இறுதி மெய் ஒலிக்காது என்னும் பொதுவிதியைக் கொண்டு செய்த ஊகம் இது. ஆனால் இப்பெயரில் இறுதி எழுத்து ஒலிக்கப்படுகின்றது. 'துய்ப்ளெக்சு' என்பதே மூலத்துக்கு நெருக்கமானது. விதியை அறிந்தவரே இங்கு தவறியுள்ளனர்.

ரொறன்ரோவும் டொராண்டோவும்

ஒரே மொழி பேசுவோரிடையேயும் அயற்பெயரைக் கேட்கும் முறை வேறுபடலாம். கனடாவின் பெருநகரைத் தமிழ்நாட்டினர் 'டொராண்டோ' என எழுதுகின்றனர். ஈழத்தமிழர் 'ரொறன்ரோ' என எழுதுகின்றனர். தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் பின்னதைப் பார்த்தால் ரகரத்தில் தொடங்கும் வேறு ஊர் என்றே எண்ணக்கூடும்.

இதற்குத் தக்க காரணம் உள்ளது. ஆங்கிலத்தின் டகரம் போன்ற ஒலி, நாநுனி மேற்பல்லின் பின்னுள்ள அண்பல் பகுதியைத் தொடுவதால் பிறப்பது. தமிழ் டகரமோ நாவை மேல்நோக்கி வளைத்து ஒலிப்பது. யாழ்ப்பாணத் தமிழில் 'வெற்றி', 'காற்று' போன்ற சொற்களில் இரட்டை றகரம் அண்பல் ஒலியாகவே நிலைத்துள்ளது. எனவே ஆங்கில ஒலிக்கு மிக நெருங்கிய தமிழ் ஒலி அவர்களுக்குக் கைவசம் இருந்தது. றகரம் சொல்லின் முதலில் வாராது என்பதனால் அவ்விடத்தில் ரகரம் எழுதப்பட்டது. தமிழ்நாட்டுப் பேச்சில் 'காற்று' என்பது பெரும்பாலும் 'காத்து' ஆகிவிட்டதால் அங்கு டகரமே நாடப்பட்டது. ஒலியளவில் ஈழத்து வழக்கு மூலத்துக்கு நெருக்கமானது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் புதியவருக்கு டகர வடிவமே எளிது. 'யேர்மனி', 'ஜெர்மனி' என்னும் வேறுபாடு இதைவிட எளியது. கிரந்தத்தைத் தவிர்க்கும் விருப்பமே அதற்குக் காரணம்.

எழுத்துக்கூட்டலும் அதன் விளைவுகளும்

ஒலிப்புச் சிக்கல் ஆவணங்களில் நுழையும்பொழுது அது வெறும் மொழிச் சிக்கலாக நிற்பதில்லை. தமிழ்நாட்டு அரசு 2020 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. வேலூரின் ஏகாரத்தைக் காட்ட ஆங்கில 'இ' எழுத்து இரட்டிக்கப்பட்டது. ஆங்கில வழக்கில் அவ்விரட்டை எழுத்து ஈகாரமாகவே படிக்கப்படும் என்பதால், பெயர் 'வீலூர்' ஆயிற்று. பரவலான எதிர்ப்பைத் தொடர்ந்து சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கு எழுத்து மாற்றுவது ஒலியைக் காப்பதாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

சத்தீசுகரில் நிகழ்ந்தது இதனினும் கடுமையானது. பாரியா பூமியா என்னும் பழங்குடியின் பெயர் புயின்யா, புயியான், புயான் எனவும் வழங்கிவந்தது. பட்டியலில் உள்ள வடிவத்துடன் தம் சான்றிலுள்ள பெயர் பொருந்தாமையால், இவ்வாறு பெயர் வேறுபட்ட மக்கள் பழங்குடியினருக்குரிய உரிமைகளைப் பெற இயலாதிருந்தனர். 2023 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திருத்தமே இவ்வடிவங்களை ஒரே பெயரின் மாற்றுருவங்களாகப் பட்டியலில் சேர்த்தது.

கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினரின் பெயர் 'மலையாளி' என்பதாகும். இவர்களது மொழி தமிழ். மலையில் வாழ்வோர் என்பதே இப்பெயரின் பொருள். கேரளத்தாருடன் இதற்குத் தொடர்பில்லை. எழுத்திலும் ஒலியிலும் எவ்வேறுபாடும் இல்லாததால், வெளியூரில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் மலைவாழ் மாணவர் கேரளத்தவராகக் கொள்ளப்படுவது எளிது. இங்கு ஒலிப்பு சரியாக இருந்தும் பொருள் தவறிவிடுகின்றது.

வட இந்தியருடன் பழகும்பொழுது தோன்றும் ஒரு குழப்பத்தையும் குறிப்பிடலாம். தமிழ்நாட்டில் தகரத்தை ஆங்கிலத்தில் எழுத டி, எச் ஆகிய இரு எழுத்துகளைச் சேர்ப்பது வழக்கம். வடக்கில் அவ்விரண்டும் மூச்சொலியுடன் கூடிய தகரத்தைக் குறிக்கும். கவிதா, லலிதா ஆகிய பெயர்கள் இந்தி ஆவணங்களில் மூச்சொலியுடன் எழுதப்படுவது இதனாலேயே. பாதுகாப்பான வழி, பெயரைத் தமிழிலும் எழுதிக்காட்டி வாயாலும் சொல்லிக்காட்டுவதாகும்.

பழக்கத்தால் செவி திருந்துதல்

அயற்பலுக்கலைப் புரிந்துகொள்ளும் திறன் விரைவில் வளரக்கூடியது. கிளார்க்கு, காரெட்டு ஆகியோர் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், அயற்பலுக்கலுடன் கூடிய ஆங்கிலத்தைக் கேட்டவர்களுக்குத் தொடக்கத்தில் ஏற்பட்ட தடுமாற்றம் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே குறைந்தது. பிராட்லோ, பென்ட்டு ஆகியோரது 2008 ஆம் ஆண்டு ஆய்வு, ஒருவரது பேச்சை மட்டும் கேட்பதைவிட ஒரே பலுக்கலுடைய பலரது பேச்சைக் கேட்பது புதியவரைப் புரிந்துகொள்ள உதவுவதைக் காட்டியது.

பெயரைச் சொல்வதில் இவ்வளவு விரைவு கிட்டாது. புதிய பெயரை அசை அசையாகப் பிரித்துக் கேட்பதும், அழுத்தம் எவ்வசையில் விழுகின்றது என நோக்குவதும், உரியவர் முன்னிலையில் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்ப்பதும் பயன் தரும். ழகரத்தைப் பிறருக்குக் கற்பிக்க முயன்றவர்கள் இதனை நன்கு அறிவர். 'தமிழ்' என்னும் சொல்லைப் பிறமொழியாளர் பலர் லகரத்துடன் முடிக்கின்றனர். நாநுனியை வளைத்து, மேலண்ணத்தைத் தொடாமல் நிறுத்துமாறு காட்டியபின் அவர்களுள் சிலர் சில முயற்சிகளிலேயே சரியாகச் சொல்லிவிடுகின்றனர்.