ஒரே நாளில் பாதிப் பேர்

2020 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. அன்றோடு அரசுத் தொலைபேசி நிறுவனமான பி.எஸ்.என்.எல்.லிலிருந்து 78,569 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். ஏறத்தாழ பாதி நிறுவனம்!

2000 அக்டோபரில் அரசுத் துறையாக இருந்தது கம்பெனியானபோது, பள்ளம் தோண்டிக் கேபிள் புதைத்த காலத்து ஊழியர்களும் கூடவே வந்தார்கள். பிறகு செல்போன் பரவியது, லேண்ட்லைன் தேய்ந்தது. 2016இல் ஜியோ வந்து கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. வருமானம் சுருங்கச் சுருங்க, அதில் முக்கால் பங்கு சம்பளத்துக்கே போனது. ஏர்டெலில் அது சுமார் 3 சதவீதம்தான் என்று அப்போது அடிக்கடி சொல்லிக் காட்டினார்கள். முழு நியாயமான ஒப்பீடு அல்ல அது. தனியார் கம்பெனிகள் டவர் பராமரிப்பு, களவேலை எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடுகின்றன; அந்தச் செலவு சம்பளக் கணக்கில் ஏறாது.

2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை, இன்னோர் அரசுத் தொலைபேசி நிறுவனமான எம்.டி.என்.எல்.லையும் சேர்த்து, சுமார் 69,000 கோடி ரூபாய் மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 50 வயதானவர்கள் விருப்ப ஓய்வு கேட்கலாம். பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் சம்பளம், ஓய்வுக்கு மீதமுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம், உச்சவரம்புக்கு உட்பட்டு. முடிவெடுக்க ஒரு மாதம், நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை.

விருப்பம் என்பது காகிதத்தில் சரி. அந்த ஆண்டு பிப்ரவரிச் சம்பளமே தாமதமாகத்தான் வந்திருந்தது. ஓய்வு வயதை 58 ஆக்கிவிடுவார்கள் என்ற பயம் வேறு. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பாடு இன்னும் மோசம்: மாதக்கணக்கில் கூலி பாக்கி, அவர்களுக்கு இந்தத் திட்டமும் கிடையாது.

போனவர்களில் பலர் தங்கள் பகுதியில் எந்தத் தெருவுக்கடியில் எந்தக் கேபிள் ஜாயின்ட் இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்த லைன்மேன்கள். அவர்கள் பார்த்த வேலை ஒப்பந்தக்காரர்களிடம் போனது.

மீட்புத் திட்டத்தின் இன்னொரு பாதி 4ஜி. அது நகரவில்லை. சீனக் கருவிகள் வேண்டாம் என்ற முடிவையடுத்து 2020இல் டெண்டர் ரத்தானது. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தை உருவாக்கி நிறுவுவதில் ஆண்டுகள் ஓடின. ஆள் குறைப்பு மூன்றே மாதத்தில் முடிந்திருந்தது. நாடு தழுவிய 4ஜி தொடக்க விழா நடந்ததோ 2025 செப்டம்பரில். அதற்குள் 2024 அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் 262 கோடி ரூபாய் லாபம் காட்டியது பி.எஸ்.என்.எல். பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்த காலாண்டு லாபம் அது.