உங்களுக்குத் தெரியுமா? பச்சிளம் குடல்

● ஸ்ரீரங்கத்துப் பெருமாளைச் சுற்றி ஏழு மதில்கள். நம் குடலில் இருக்கும் உணவுக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருப்பதோ ஒரே ஒரு செல் அடுக்கு. அந்தச் செல்களும் மூன்று முதல் ஐந்து நாட்களில் உதிர்ந்து, புதியவை முளைக்கின்றன.

● பிறந்த குழந்தைக்கு இந்த அடுக்கு சரியாக இறுகியிருக்காது. பெரிய புரத மூலக்கூறுகள்கூட ஓரளவு உள்ளே நுழையும். முதல் வாரத்திலேயே அது வேகமாக இறுகத் தொடங்குகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சீக்கிரம் இறுகும். குறைமாதக் குழந்தைக்குத் தாமதமாகும்.

● குடல் இறுகிவிட்டதா என்று பார்க்க ஊசி வேண்டாம். லாக்டுலோஸ், மானிடால் என்ற இரண்டு சர்க்கரைகளைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரைச் சோதித்தால் போதும். மானிடால் சிறியது, எப்படியும் நுழைந்துவிடும். பெரிய மூலக்கூறான லாக்டுலோஸும் நிறைய வந்தால், குடல் இன்னும் கசிகிறது என்று பொருள்.

● கன்றுக்குட்டி நோய் எதிர்ப்புப் புரதம் இல்லாமலேயே பிறக்கிறது. அதைத் தருவது சீம்பால்தான். கன்றின் குடல் அந்தப் புரதத்தை அப்படியே உறிஞ்சுவது முதல் 24 மணி நேரம் வரைதான். நேரம் போகப்போக உறிஞ்சும் அளவும் குறையும். அதனால் சீம்பாலில் திரட்டுப்பால் காய்ச்சுவதற்கு முன் கன்றின் வயிறு நிறையட்டும்!

● மனிதக் குழந்தைக்கு அந்தப் புரதம் நஞ்சுக்கொடி வழியாகவே வந்துவிடும், அதுவும் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில். தாயின் சீம்பாலுக்கு வேறு வேலை. அதிலுள்ள 'ஐஜிஏ' என்ற நோய் எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் கலக்காமல், குடலின் மேற்பரப்பிலேயே நின்று கிருமிகளைப் பிடித்துக்கொள்ளும்.

● அம்மா எந்த ஊரோ, பாலும் அந்த ஊர்! தாயின் குடல் சந்தித்த கிருமிகளை அடையாளம் கண்ட செல்கள் மார்பகத்துக்குப் போய், அதே கிருமிகளுக்கு எதிரான ஐஜிஏவைச் சுரக்கின்றன. திருவரங்கத்தில் வாழும் தாயின் பாலில் திருவரங்கத்துக் கிருமிகளுக்கான தடுப்பு இருக்கும்.

● தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத சர்க்கரைகளும் உண்டு. அவை பைஃபிடோபாக்டீரியா என்ற நல்ல நுண்ணுயிரிகளுக்கான சாப்பாடு.

● சேனை வைக்கிறேன் என்று பாட்டி தேனைத் தொட்டு நாக்கில் வைத்தால் தடுத்துவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பச்சிளம் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கலாம். ஒரு வயது வரை தேன் கூடாது.

● குடலின் உட்புறத்தில் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள், பிறக்கும்போது எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் விரல் விரலாக நீண்டே இருக்கின்றன. நம் பக்கத்தில் பிறகுதான் அவை மழுங்குகின்றன என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1960களிலேயே கண்டார்கள். அசுத்தமான நீரும் சுற்றுப்புறமும் இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகின்றன.

● காவிரி வெள்ளத்தில் அக்கரையில் சிக்கிய தாய்க்குப் பதிலாக, ரத்னாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கத் தாய் வடிவில் சிவபெருமானே வந்ததாகத் திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயில் தலபுராணம் சொல்கிறது. சுகப்பிரசவம் ஆனவர்கள் இன்றும் மலைக்கோட்டைக்கு வாழைத்தார் கொண்டுபோகிறார்கள். அதே திருச்சியில், மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இயங்குகிறது. இத்தகைய வங்கிகளில் தானப் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்குவார்கள். குறைமாதக் குழந்தைகளின் குடலை அழுகச் செய்யும் நோயின் ஆபத்து, பால்பவுடரைவிடத் தானப் பாலில் குறைவு. ஆனாலும் முதலிடம், பெற்ற தாயின் பாலுக்கே!