லிங்க் வித்தா 2,000 ரூபாய், பெனால்ட்டி வந்தா எவ்வளவு?

நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல, சம்பளம் போக ஒரு சின்ன வெப்சைட் வெச்சு நாலு காசு பார்க்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க. ஒசூர்லயோ பெங்களூர்லயோ வேலை, ராத்திரி ரூமுக்கு வந்து பிஎஃப் எடுக்கிறது எப்படி, பைக் லோன் இஎம்ஐ எவ்வளவு வரும்னு எழுதுறீங்க. 2018-ல தமிழுக்கும் ஆட்சென்ஸ் விளம்பரம் வந்த பிறகு இது நிஜமாகவே ஒரு சைடு இன்கம் ஆகிடுச்சு. இப்படி ஆறு மாசம் எழுதி, கூகுள்ல தேடுறவங்க உங்க பக்கத்துக்கு வர ஆரம்பிச்சதும் ஒரு மெயில் வரும். உங்க சைட் ரொம்ப நல்லா இருக்கு, நாங்களே ஒரு கட்டுரை எழுதித் தர்றோம், உள்ளே எங்க லிங்க் ஒண்ணே ஒண்ணு இருக்கும், 2,000 ரூபாய் தர்றோம். வேலை அஞ்சு நிமிஷம். ஜிபே நம்பர் மட்டும் அனுப்புங்க.

அந்த 2,000 ரூபாயை ஒரு ஆடிட்டர் எப்படிப் பார்ப்பான்னு சொல்றதுதான் இந்தக் கட்டுரை. கூடவே, இதுக்கு கூகுள் தர்ற தண்டனை நியாயமா இல்லையான்னும் பேசணும். ஏன்னா "காசு வாங்கி முதல் இடம் கொடுத்தா கூகுளுக்குத் தொழில், நான் செஞ்சா குற்றமா?"ன்னு கேக்கிறவங்க நிறைய.

முதல்ல, ஒரு லிங்குக்கு ஏன் விலை? 1998-ல ஸ்டான்ஃபோர்டுல லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையோட அடிப்படை ரொம்ப எளிது. ஒரு பக்கத்தை எத்தனை பேர், எவ்வளவு மதிப்புள்ளவங்க கை காட்டுறாங்கன்னு எண்ணிப் பார்க்கிறது. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்குப் புதுசா போறவன் யார் கிட்ட எடை சரியா இருக்கும்னு விசாரிக்கிறான்னு வைங்க. தொடர்பே இல்லாத பத்து விவசாயிங்க ஒரே மண்டியைச் சொன்னா நம்பலாம். அந்தப் பத்து பேருக்கும் மண்டிக்காரர் ஆளுக்கு இருநூறு ரூபாய் கொடுத்திருந்தா? சொன்ன வார்த்தை அதேதான், ஆனா அதோட மதிப்பு பூஜ்யம். நஷ்டம் எடைக்கு ஏமாந்தவனுக்கு.

அதனால காசுக்கு லிங்க் கொடுத்தா, அதை "நோஃபாலோ" இல்லைன்னா "ஸ்பான்சர்ட்"ங்கிற குறியீட்டோட போடணும்ங்கிறது கூகுளோட விதி. ஸ்பான்சர்ட் குறியீடு 2019 செப்டம்பர்ல வந்தது. மேலே கேட்ட கிண்டலுக்கும் பதில் இதுலயே இருக்கு. கூகுளும் காசு வாங்கி மேலே காட்டுது, ஆனா விளம்பரம்னு பட்டை ஒட்டி காட்டுது. நீங்களும் பட்டை ஒட்டி விக்கலாம், யாரும் தடுக்கல. என்ன, பட்டை ஒட்டினா 2,000 ரூபாய் கொடுக்க வந்தவர் திரும்பி வர மாட்டார். அவர் வாங்க வந்ததே பட்டை இல்லாத லிங்கைத்தான்.

இது எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுக்கு ஜே.சி. பென்னி கதையைச் சொல்லலாம். அமெரிக்காவுல பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். 2010 கடைசியில டிரெஸ், பெட்ஷீட், கார்ப்பெட்னு எதைத் தேடினாலும் அதுதான் முதல்ல வந்தது. சாம்சோனைட் பெட்டின்னு தேடினாக் கூட சாம்சோனைட் கம்பெனிக்கு மேல பென்னி. 2011 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ் நோண்டிப் பார்த்தா, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்கள்ல பென்னிக்கு லிங்க். எங்களுக்குத் தெரியாம நடந்ததுன்னாங்க. கூகுள் கை வெச்ச சில மணி நேரத்துல சாம்சோனைட் தேடல்ல பென்னி ஒண்ணாம் இடத்துல இருந்து 71-க்குப் போச்சு.

துணிக்கடையில இது நடந்தா நஷ்டம் சின்னது. பர்சனல் லோன், இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டுல நடந்தா யோசிங்க. அவசரத்துக்கு லோன் தேடுறவர் முதல்ல வர்ற ரெண்டு பக்கத்தைத்தான் திறப்பார். அந்த இடம் லிங்க் வாங்கிப் பிடிச்ச இடமா இருந்தா, அந்தச் செலவு எல்லாம் அவரோட வட்டியிலதான் வசூலாகும். அதனால என் கருத்து வெளிப்படையானது: விதி சரி. தண்டனை இருக்கணும்.

ஆனா தண்டிக்கிற முறை சரியான்னு கேட்டா, அங்கதான் எனக்குப் பிரச்சினை.

இங்கிலாந்துல இன்டர்ஃப்ளோரான்னு பூ விக்கிற கம்பெனி. உள்ளூர்ப் பத்திரிகைகள்ல காசு கொடுத்துக் கட்டுரை போட்டு லிங்க் வாங்கினதா 2013 பிப்ரவரியில தண்டனை. கம்பெனி பேரையே அடிச்சுத் தேடினாலும் வரல. காதலர் தினம் முடிஞ்ச கையோட போனவங்க, 11 நாள்ல, அந்த ஊர் அன்னையர் தினத்துக்கு முன்னாடியே திரும்பி வந்துட்டாங்க. பாட்டு வரிகள் போடுற ராப் ஜீனியஸ் 2013 கிறிஸ்துமஸ் அன்னைக்குப் போய் பத்து நாள்ல திரும்பிடுச்சு. ஒண்ணு சொல்லணும், 2012 ஜனவரியில தன்னோட குரோம் பக்கத்தையே இதே தப்புக்காகக் கூகுள் 60 நாள் கீழே தள்ளியிருக்கு. அந்த நேர்மையை நான் மறுக்கல.

இப்போ சின்ன ஆளுங்க பக்கம் வாங்க. 2012 ஏப்ரல் 24-ல பெங்குவின்னு ஒரு அப்டேட். லிங்க் மோசடியை மனுஷங்க பார்க்காம கணினியே கண்டுபிடிச்சுத் தள்ளும். அதுல மாட்டினா, தப்பான லிங்கை எல்லாம் நீக்கிட்டு அடுத்த பெங்குவின் ஓடுற வரைக்கும் காத்திருக்கணும். 2014 அக்டோபர்ல ஒண்ணு ஓடுச்சு. அடுத்தது 2016 செப்டம்பர். அதாவது திருந்திட்டு வந்தவனுக்கும் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கதவு சாத்தியே இருந்தது. அப்பீல் பண்ணவும் இடமில்ல, ஏன்னா அது "தண்டனை" இல்லையாம், அல்காரிதமாம். ரெண்டு வருஷம் வியாபாரம் இல்லாம தாக்குப்பிடிக்க ஒரு பெரிய கம்பெனியால முடியும். சம்பளத்துல டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் காசு கட்டுறவரால முடியுமா?

நான் தினமும் புழங்குற இன்கம்டேக்ஸ் துறையை எல்லாரும் திட்டுறோம். ஆனா அங்க ஒரு நோட்டீஸ் வந்தா அதுல எந்தப் பிரிவு, எந்தத் தொகைன்னு இருக்கும். பதில் சொல்ல நாள் தருவாங்க. ஒத்துக்கலைன்னா கமிஷனர் அப்பீல், அப்புறம் தீர்ப்பாயம், அப்புறம் ஹைகோர்ட். எதிர்ல உக்காந்திருக்கிற அதிகாரிக்கு உங்க கடைக்குப் போட்டியா சொந்தக் கடை கிடையாது. கூகுள் கிட்ட விதி எழுதுறவர், போலீஸ், நீதிபதி, மறுபரிசீலனை பண்றவர் எல்லாரும் ஒரே ஆள். அந்த ஆளே விளம்பரமும் விக்கிறார்.

கோர்ட்டுக்குப் போனவங்களும் உண்டு. அமெரிக்காவுல சர்ச்கிங்னு ஒரு கம்பெனி, பேஜ்ரேங்க் அதிகமா இருக்கிற சைட்கள்ல லிங்க் வித்துக் கொடுக்கிற தொழிலே பண்ணுச்சு. கூகுள் மதிப்பைக் குறைச்சதும் வழக்கு போட்டாங்க. 2003-ல ஓக்லஹோமா ஃபெடரல் கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. ரேங்க்ங்கிறது கூகுளோட அபிப்பிராயம், அபிப்பிராயம் சொல்ல அந்த நாட்டு அரசியல் சட்டப்படி உரிமை இருக்குன்னு சொல்லிட்டாங்க.

நம்ம ஊர்க் கதை கொஞ்சம் வேற. சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி டாட் காம், நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச பாரத் மேட்ரிமோனி கம்பெனி, 2012-ல இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போச்சு. கட்ஸ்ங்கிற ஜெய்ப்பூர் நுகர்வோர் அமைப்பும் தனியா புகார் கொடுத்தது. 2018 பிப்ரவரி 8-ல தீர்ப்பு: தேடல் முடிவுகள்ல தன்னோட சேவைக்குச் சாதகமா நடந்துகிட்டதுக்காகக் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம். உதாரணத்துக்கு, ஃப்ளைட் தேடினா கூகுளோட சொந்தப் பெட்டி முன்னாடி வந்து நின்னது. விளம்பர ஏலம் சம்பந்தமான குற்றச்சாட்டுகளை ஆணையம் ஏத்துக்கல. இது லிங்க் பெனால்ட்டி வழக்கு இல்ல, அதைக் கலந்துக்க வேண்டாம். ஆனா தேடல் வரிசைங்கிறது கூகுளோட சொந்த விஷயம் மட்டுமில்ல, அதை வெளியில இருந்து ஒருத்தர் கேள்வி கேட்கலாம்னு ஒரு இந்திய அமைப்பு சொன்னது முக்கியம். அமெரிக்கக் கோர்ட் சொன்னதுக்கு நேர் எதிர் திசை.

ஐரோப்பா அதைவிடக் கிட்ட வந்துடுச்சு. பெரிய பத்திரிகைகள் தங்களோட பேரை வாடகைக்கு விட்டு, கூப்பன் பக்கம், லோன் ஒப்பீட்டுப் பக்கம்னு வெளி ஆளுங்களை நடத்த விட்டாங்க. அதைத் தடுக்க 2024 மார்ச்ல கூகுள் ஒரு விதி அறிவிச்சு, மே மாசத்துல இருந்து அமல்படுத்துச்சு. பத்திரிகைகள் வருமானம் போச்சுன்னு கத்த, 2025 நவம்பர் 13-ல ஐரோப்பிய ஆணையம் கூகுள் மேல முறைப்படி விசாரணை ஆரம்பிச்சிருக்கு. கேள்வி எளிது: இது ஸ்பேமைத் தடுக்கிற விதியா, இல்ல விளம்பரச் சந்தையில போட்டியாளரோட வருமானத்தை வெட்டுற விதியா? என்னைக் கேட்டா, ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும்.

இவ்வளவு பெரிய சண்டையில நம்ம ஆள் எங்க நிக்கிறார்? என் கிட்ட ஐடிஆர் போட வர்ற ஒருத்தர், பேர் வேண்டாம், சொந்த ஊர் பென்னாகரம் பக்கம், ஒசூர்ல ஃபேக்டரி வேலை. சைட்ல மாசம் 9,000 ரூபாய் கிட்ட வந்துட்டிருந்தது. நாலு மாசத்துல ஆறு லிங்க் வித்தார், மொத்தம் 12,000. அப்புறம் சர்ச் கன்சோல்ல ஒரு மேனுவல் ஆக்‌ஷன் வந்தது: உங்க சைட்ல இருந்து போற லிங்குகள் இயல்பானவையா இல்ல. எந்த லிங்க்னு பட்டியல் கிடையாது. அவருக்குத் தெரிஞ்ச ஆறையும் எடுத்தார், மறுபரிசீலனை கேட்டார், நிராகரிச்சாங்க. பழைய கட்டுரைகளை ஒவ்வொண்ணா புரட்டி, இலவசமா போட்ட "கெஸ்ட் போஸ்ட்" எல்லாத்தையும் குறியீடு போட்டு மறுபடி கேட்டார். அப்புறம்தான் எடுத்தாங்க. இடையில மூணு மாசம், மாச வருமானம் 2,500-க்கு வந்திருந்தது. மூணு மாசத்துக்கு 6,500 வீதம் 19,500 ரூபாய் போச்சு. லிங்குக்கு வந்த 12,000-ஐக் கழிச்சா கையை விட்டுப் போனது 7,500. அதோட, தண்டனை எடுத்த பிறகும் பழைய 9,000 திரும்பி வரல, 6,000-லயே நிக்குது. ஆக, மாசம் 3,000 இன்னும் போயிட்டேதான் இருக்கு.

கணக்குப் பாஷையில சொன்னா, அந்த 12,000 அவருக்கு வந்த வருமானமே இல்ல. மாசம் 9,000 கொடுத்துட்டிருந்த ஒரு சொத்துல ஒரு பகுதியை வித்து வந்த காசு. மாந்தோப்புல காய் விக்கிறதுக்கும் மரத்தை வெட்டி விறகா விக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்.

லிங்க் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்குக் கணக்கு இன்னும் மோசம். 2016 பெங்குவினுக்கு அப்புறம் கூகுள் பெரும்பாலும் தள்ளுறதில்ல, அந்த லிங்கை எண்ணாம விட்டுடுது. 2022 டிசம்பர் அப்டேட்லயும் அதையேதான் பண்ணுச்சு. அதனால உங்களுக்குத் தண்டனைன்னு தகவலே வராது. லிங்குக்குக் கொடுத்த காசு மட்டும் போகும், வேலை செய்யுதுன்னு நினைச்சு அடுத்த மாசமும் கொடுப்பீங்க.

இன்னொண்ணு. மெயில் அனுப்புறவங்கள்ல நிறைய பேர் பெட்டிங், ரம்மி, பேர் தெரியாத லோன் ஆப். தமிழ்நாட்டுல 2022-ல கொண்டு வந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டப்படி சூதாட்டத்துக்கு விளம்பரம் பண்றதே குற்றம். 2025 ஆகஸ்ட்ல பாராளுமன்றத்துல நிறைவேறின சட்டமும் பண விளையாட்டு விளம்பரத்துக்கு ஜெயில் வரைக்கும் போகுது. அங்க கூகுள் பெனால்ட்டி எல்லாம் சின்ன விஷயம். அந்த மாதிரி லிங்க் இப்போ உங்க சைட்ல இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க.

ஏற்கனவே வாங்கின காசுக்கு வரி? டிடிஎஸ் பிடிக்கல, ஏஐஎஸ்-ல வரலைங்கிறதால காட்ட வேண்டாம்னு இல்ல. தொடர்ந்து சைட் மூலமா சம்பாதிக்கிறீங்கன்னா அது தொழில் வருமானம். ஐடிஆர்-1 போட முடியாது, 3 போடணும், தகுதி இருந்தா 4. இதுல நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. சம்பளம் மட்டும் வாங்குறவர் வருஷா வருஷம் பழைய வரி முறை, புது வரி முறைன்னு மாத்திக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அந்த வசதி போயிடும். பழைய முறைக்குப் போகத் தனிப் படிவம் கொடுக்கணும், போயிட்டுப் புதுசுக்குத் திரும்பினா மறுபடி பழசுக்கு வர முடியாது. வீட்டு லோன் வட்டியும் வாடகைப் படியும் கழிச்சுட்டு இருக்கிறவங்க, அடுத்த மெயிலுக்குப் பதில் எழுதுறதுக்கு முன்னாடி இதையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க. எந்த முறையில எவ்வளவு வரும்னு பார்க்கிற எக்செல் ஷீட் இந்த வார வீடியோவுக்குக் கீழே இருக்கு.