படர்தாமரை மருந்தும் முள்ளெலிப் பாதையும்

படர்தாமரை விடாப்பிடியாக அரிக்கும்போது தோல் மருத்துவர் எழுதித் தரும் இட்ரகோனசோல் கேப்சூலைப் பலரும் விழுங்கியிருப்பார்கள். பூஞ்சைக்கென்று வந்த மருந்து அது. வெட்டி எடுத்த பிறகும் மறுபடி மறுபடி முளைக்கும் ஒரு தோல் புற்றுநோயை அதைக்கொண்டு அடக்க முடியுமா என்று அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த நோய்க்கு 'பேசல் செல் கார்சினோமா' என்று பெயர். வெளுத்த தோல்காரர்களிடம் அதிகம். பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு தீர்ந்துவிடும்; தீராத சிலரிடம்தான் சிக்கல். இந்தச் செல்களை ஓயாமல் பெருகச் சொல்வது 'ஹெட்ஜ்ஹாக்' என்ற சமிக்ஞைப் பாதை. ஹெட்ஜ்ஹாக் என்றால் முள்ளெலி. இந்தப் பாதைக்குரிய மரபணு பழுதான பழ ஈயின் புழு, முள் போர்த்தியதுபோல் இருந்ததால் வந்த பெயர். நம்மூர்த் தேரிக்காட்டு முள்ளெலிக்கும் இதற்கும் வேறு உறவு கிடையாது.

கருவில் உறுப்புகளுக்கு வடிவம் கொடுப்பது இந்தப் பாதையின் வேலை. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சினை ஆடுகள் ஒரு காட்டுச் செடியை மேய்ந்தன; நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு குட்டிகள் பிறந்தன. செடியிலிருந்த சைக்ளோபமைன் என்ற நஞ்சு ஹெட்ஜ்ஹாக் பாதையை அடைத்துவிடுகிறது என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் புரிந்தது. குட்டியைக் குலைத்தது கட்டியையும் குலைக்கும் அல்லவா? அதே பாதையை அடைக்கும் விஸ்மோடெகிப் மருந்துக்கு 2012இல் அமெரிக்கா அனுமதி தந்தது. கட்டிகள் சுருங்கின. ஆனால் தசைப்பிடிப்பு, முடி உதிர்வு, நாக்கில் ருசியின்மை ஆகியவையும் கூடவே வந்தன. சிலரிடம் புற்றுநோய் பூட்டையே மாற்றிக்கொண்டது. பழைய சாவி அதில் பொருந்தவில்லை.

இட்ரகோனசோலும் இதே பாதையை, ஆனால் வேறு விதத்தில் தடுக்கிறது என்று 2010இல் தெரிந்தது. 2014இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 19 பேருக்கு இதைக் கொடுத்தார்கள். கட்டியின் பரப்பு 24 சதவீதம் குறைந்தது. ஒருவருக்கு இதயச் செயலிழப்பு வந்தது. வீட்டில் மீந்த கேப்சூலை நினைத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே விஸ்மோடெகிப் எடுத்திருந்த இருவருக்குப் பெரிய பலனும் இல்லை. உண்மையில் மாற்று தேவைப்படுவதே அவர்களுக்குத்தான்.

அதனால் துணைக்கு ஆர்சனிக்கை அழைத்தார்கள். குடிநீரில் ஆண்டுக்கணக்கில் கலந்தால் தோல் புற்றுநோயை வரவழைக்கும் அதே ஆர்சனிக்தான். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடு ஏற்கெனவே மருந்து. ஹெட்ஜ்ஹாக் பாதையை அது கடைசிக் கட்டத்தில் மறிக்கிறது. 2016இல் வெளியான ஆய்வில், நோய் பரவி வேறு மருந்து பலிக்காத ஐந்து பேருக்கு இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பாதையின் வேகத்தைக் காட்டும் குறியீடு 75 சதவீதம் இறங்கியது. கட்டி யாருக்கும் கரையவில்லை. மூவருக்கு வளராமல் நின்றது.

என் பார்வையில் இது தோல்வியல்ல, அரைகுறையாக நிற்கும் ஒரு கேள்வி. அதை முழுதாகக் கேட்கப் பெரிய ஆய்வு வேண்டும். அதற்குக் கோடிக்கணக்கில் செலவாகும். காப்புரிமை காலாவதியான மருந்தை யார் வேண்டுமானாலும் தயாரித்து விற்கலாம் என்னும்போது, எந்த நிறுவனம் அந்தப் பணத்தைப் போடும்? இந்த இரண்டு ஆய்வுகளிலும் சேர்த்து மருந்து பெற்றவர்கள் 24 பேர்.