கண்ணைக் காக்கும் கண்ணீர்

கண்ணீர் என்றதும் துயரத்தையே நாம் நினைக்கிறோம். பேரின்பத்திலும் அது பெருகுவதுண்டு. ஆயினும் கண்ணீர் ஆற்றும் தலையாய பணி இவ்விரண்டையும் சேர்ந்ததன்று. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு கணமும், நாம் அறியாமலேயே, மெல்லியதொரு நீர்ப்படலம் கண்ணின் மேற்பரப்பைப் போர்த்திக் காத்து வருகிறது. அப்படலம் குலைந்தால் பார்வைக்கே கேடு நேரும். ஆகவே, உழவர் பெருமக்களும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் இதனைப் பற்றி ஓரளவு அறிந்திருத்தல் அவசியமாகும்.

நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இது மிகவும் பொருந்தும். 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்கள். 1961-இல் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது; 1962-இல் மின் உற்பத்தி தொடங்கியது. நகரியமும் சுரங்கமும் அனல் மின் நிலையங்களும் ஒருபுறம் இருக்க, முந்திரித் தோப்பும் கரும்புக் கொல்லையும் நெல் வயலும் மணிலாப் பயிரும் மறுபுறம் விளங்குகின்றன. சுரங்கத் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் செம்மண் புழுதியும் ஆடிக் காற்றும் பொதுவானவை. இவர்கள் அனைவருடைய கண்களையும் முதலில் காப்பது கண்ணீரே.

மூன்று பொருள்களின் சேர்க்கை

கண்ணீர் வெறும் உப்பு நீர் என்று எண்ணிவிடலாகாது. அதில் மூன்று பொருள்கள் சேர்ந்துள்ளன. விழியை ஒட்டி இருப்பது வழவழப்பான சளிப் பொருள். அது நீரைக் கண்ணின்மேல் பற்றி நிற்கச் செய்கிறது. அதனோடு கலந்து நிற்பது நீர். கண் குழியின் மேற்புறத்தில், காதுப் பக்கமாக அமைந்த சுரப்பியிலிருந்து இதன் பெரும்பகுதி வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலே பரவி நிற்பது நெய்ப்பசை. இமைகளின் விளிம்பிலுள்ள சிறு சுரப்பிகள் இதனைத் தருகின்றன. நீர் விரைவில் ஆவியாகாமல் காப்பது இந்த நெய்ப்பசையே. இவை யாவும் சேர்ந்த படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே.

பாசனமும் வடிகாலும்

உழவருக்கு இதனை விளக்குவது எளிது. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீர் வாலாஜா ஏரியை அடைந்து, அங்கிருந்து பெருமாள் ஏரிக்குச் சென்று, வயல்களுக்குப் பாய்வதை நாம் அறிவோம். நீர் வரத்து வேண்டும். வயலில் ஒரே சீராகப் பரவ வேண்டும். மிஞ்சிய நீர் வடியவும் வேண்டும். கண்ணிலும் அவ்வாறே. சுரப்பி வரத்தாகும். நிமிடத்திற்குச் சுமார் 15 முறை இமைக்கும் இமை, பரம்புப் பலகையைப் போல நீரைச் சமமாகப் பரப்புகிறது. மூக்கை ஒட்டிய இமை ஓரங்களில் உள்ள சிறு துளைகள் வடிகாலாகும். அவ்வழியே நீர் மூக்கிற்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கில் நீர் வடிவதும், கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசப்பதும் இதனாலேயே.

வரத்துக் குறைந்தால் கண் உலர்ந்து, மணல் விழுந்தது போல உறுத்தும். உலர்ந்த கண் சில வேளை தாரை தாரையாக நீர் வடிப்பதும் உண்டு. உறுத்தலைப் போக்கச் சுரப்பி அவசரமாகப் பெய்யும் நீர் அது. நெய்ப்பசை போதாமையால் அது கண்ணில் நிலைப்பதில்லை. ஆதலால் ஓயாமல் நீர் வடியும் கண்ணையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். முதுமையிலும், இமைக்க மறந்து நெடுநேரம் திரையைப் பார்ப்போரிடத்தும் இந்த உலர்ச்சி மிகுதி. தொழுநோயினால் இமை முழுதும் மூடாதவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். உறக்கத்திலும் அவர்களுடைய விழி காற்றில் உலர்ந்து புண்ணாகும்.

உணவும் காவலும்

கருவிழியின் முன்புறம் கண்ணாடி போன்ற தெளிவான படலம் ஒன்று உண்டு. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடைப்படும். ஆகவே, அதன் மேற்பரப்புக்குத் தேவையான பிராணவாயு கண்ணீரில் கரைந்தே செல்கிறது. அப்பரப்பின் அணுக்கள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முற்றிலும் புதுப்பிக்கப்படுகின்றன. அதற்கு வேண்டிய பொருள்களையும் கண்ணீர் தருகிறது.

காவற்பணியும் அதனுடையதே. தூசியைக் கழுவி ஓரத்துக்கு ஒதுக்குவதோடு, நோய்க் கிருமிகளை அழிக்கும் பொருள்களும் அதில் உள்ளன. அவற்றுள் ஒன்றான லைசோசைமை 1920-களின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்தார். பென்சிலினைக் கண்டவரும் அவரே.

வைட்டமின் ஏ குறைந்தால் சளிப் பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிகின்றன. முதலில் மாலைக்கண், பின்னர் விழி வறட்சி, முற்றினால் கருவிழி உருகிக் குழந்தை குருடாகும். அரசினர் 1970-ஆம் ஆண்டு முதல் இதற்குத் தடுப்புத் திட்டம் நடத்தி வருகின்றனர். 9-ஆம் மாதம் முதல் 5 வயது வரை குழந்தைகளுக்கு உரிய இடைவெளியில் வைட்டமின் ஏ திரவம் தரப்படுகிறது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பப்பாளி ஆகியவை நம் கொல்லையிலேயே விளையும் மருந்துகள்.

காவல் தோற்கும் இடம்

தூசியைக் கண்ணீர் வெல்லும். ஆனால் கரும்புத் தோகை கீறிய காயத்தையும், கதிரடிக்கும் களத்தில் பாய்ந்த நெல்லுமியையும் அது தனியே வெல்ல முடியாது. கீறல் வழியே கிருமி நுழைந்து கருவிழிப் புண் உண்டாகிறது. ஆறினாலும் வெண்தழும்பு நிலைத்துவிடும். கண்ணில் பூ விழுந்தது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதனையே.

மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டபோது, லட்சம் பேரில் 113 பேருக்கு இப்புண் உண்டானதாகத் தெரியவந்தது. அங்கு நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், நோயாளிகளில் மூவரில் இருவர் முன்னதாகக் கண்ணில் காயம்பட்டவர்கள். கிருமி உறுதிப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைத் தாக்கியது பூஞ்சைக் காளான். தழையிலும் மண்ணிலும் வாழும் இக்காளான், காயத்தோடு கண்ணுக்குள் புகுந்துவிடுகிறது.

நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்கள் கீறல்பட்ட கண்களுக்கு மூன்று நாள் குளோராம்பெனிகால் களிம்பு இட்டனர். காயம்பட்ட 18 மணி நேரத்திற்குள் சிகிச்சை தொடங்கப் பெற்றவர்களில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. இம்முடிவு 2001-இல் வெளியாயிற்று. நாளை பார்ப்போம் என்று தள்ளும் ஒரே நாளில் ஒரு கண்ணின் கதி முடிவாகிவிடலாம் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

செய்ய வேண்டியவை, செய்யத் தகாதவை

தூசி விழுந்தால் கண்ணைக் கசக்காதீர்கள். சுத்தமான நீரால் கழுவி, பலமுறை இமையுங்கள். சுண்ணாம்போ பூச்சி மருந்தோ முந்திரி ஓட்டின் எண்ணெயோ பட்டால், வண்டிக்குக் காத்திராமல் அந்த இடத்திலேயே கால் மணி முதல் அரை மணி நேரம் வரை இடைவிடாது கழுவி, பின்னரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சுண்ணாம்பு கருவிழியை விரைந்து அரிக்கும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், தழைச்சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். நாவினால் தூசி எடுப்பதும் தகாது. வாயிலுள்ள கிருமி காயத்தில் சேரும். கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், சிவப்பும் வலியும் தணிந்து குணமானது போலத் தோன்றும். உள்ளே காளானோ வேகமாகப் பரவும். மருத்துவர் சொல்லாமல் இத்தகைய மருந்தை விடவே கூடாது.

பஞ்சாயத்துகளின் பங்கு

அறுவடைக்கு முன் கூடும் கூட்டத்தில் இச்செய்திகளை உறுப்பினர்கள் எடுத்துரைக்கலாம். கண் மருத்துவ உதவியாளர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வரும் நாளை அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். கதிரடிக்கும் களத்திலும் முந்திரி உடைக்கும் இடங்களிலும் வெற்றுக் கண்ணாடி அணியும் பழக்கத்தை ஊக்குவிக்கலாம். களத்தருகே ஒரு குடம் சுத்தமான நீர் எப்போதும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

ஒரு உழவரின் கண் போனால் அக்குடும்பத்தின் ஏரும் நின்றுவிடுகிறது. இயற்கை தன் பங்கை நாள்தோறும் சோர்வின்றிச் செய்து வருகிறது. அதனால் இயலாத இடத்தில், காயம்பட்டவரை அன்றே மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பது நம் கடமையாகும்.