சேர்வரின் மணிக்கூடு பிழைத்தால்...

குறிகட்டுவானில் படகு நம்முடைய பில்லைப் பார்த்துப் புறப்படுவதில்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற சாமான்கள் நேரத்தோடு இறங்குதுறைக்கு வந்து சேர வேண்டும். அந்தத் தீவுக் கடைகளுக்கு அரிசி, மா, சீனி அனுப்பும் யாழ்ப்பாணத்து மொத்த வியாபாரி ஒருவரின் கணனிகளைச் சில காலம் நான் பார்த்து வந்தேன்.

ஒரு நாள் அவர் என்னை அவசரமாக அழைத்தார். "தம்பி, பில் போடுற பொடியனில எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார். பில்லில் இருந்த நேரம் காலை 6.30. இறங்குதுறையில் சாமான் இறக்கிய நேரம் 7.05 என்று துண்டில் எழுதியிருந்தது. பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாக லொறி 35 நிமிடத்தில் போய்ச் சேருமா? லொறி புறப்பட்ட பிறகுதான் பில் போட்டிருக்கிறான், பில்லில் வராத மூட்டைகளும் ஏறியிருக்கும் என்பது அவருடைய கணக்கு.

பொடியனோ, "நானா, மணி பிழையாக் காட்டுது. ரெண்டு தரம் திருத்தி வச்சன், திரும்பவும் மாறுது" என்றான். நேரத்தில் கை வைத்ததை அவனே ஒப்புக்கொண்டான் என்று முதலாளி அதையும் குற்றமாக எடுத்துக்கொண்டார். ஒரு பிள்ளையின் தொழிலும் நற்பெயரும் போகிற நிலை.

சேர்வரின் நேரத்தை என் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டேன். சரியாக 30 நிமிடம் முந்தியிருந்தது. காரணம் எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

நம் நாட்டின் நேரம் ஒரு காலத்தில் மாறியது பலருக்கு நினைவிருக்கும். மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே மாதம் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னே வைக்கப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி குறைக்கப்பட்டது. அதன்பின் கிறீன்விச்சை விட 6 மணித்தியாலம் முந்திய நேரமே 2006 ஏப்ரல் வரை இருந்தது. 2006 ஏப்ரல் 15 முதல் பழையபடி ஐந்தரை மணித்தியாலத்துக்குத் திரும்பினோம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அந்தக் காலம் முழுவதும் பழைய நேரமே நடந்ததால், வடக்கில் "பழைய நேரமா, புதிய நேரமா" என்று கேட்டுத்தான் அலுவல் பார்த்தோம்.

மனிதர்கள் மாறிவிட்டோம். ஆனால் 2006க்கு முன் வெளிவந்த வின்டோஸில் இலங்கை நேரம் 6 மணித்தியாலம் என்றே பதிந்திருந்தது. பின்னர் வந்த திருத்தத்தைப் போடாத கணனி இன்றும் அரை மணி முந்தியே ஓடும். இந்தக் கடையில் சேர்வர் பழுதானபோது யாரோ பழைய டிஸ்க்கிலிருந்து வின்டோஸை மீண்டும் போட்டிருந்தார்கள்.

பொடியன் திருத்தியும் நிற்காதது ஏன்? சேர்வர் இன்டர்நெட்டிலிருந்து எடுப்பது கிறீன்விச் வழிவந்த உலகப் பொது நேரத்தை. அதோடு நம் நாட்டுக்குரிய கணக்கைத் தானே கூட்டிக் காட்டும். கூட்டும் கணக்கு பிழையாக இருக்கும்போது முள்ளை மட்டும் திருப்பினால், அடுத்த முறை நேரம் சரிபார்த்ததும் பழைய பிழை திரும்பி வரும்.

ஆகவே வியாபாரிகளே, கணனியின் நேரம் பிழைத்தால் உடனே திருத்தாதீர்கள். எவ்வளவு பிழை என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. சரியாக அரை மணி அல்லது முழு மணிக்கணக்கில் வித்தியாசம் என்றால், நேர வலயத்தைப் பாருங்கள். வின்டோஸ் திருத்தங்களைப் போடுங்கள். பழைய இயந்திரமாகி, திருத்தம் கிடைக்காவிட்டால் சென்னை, கொல்கத்தா என்ற வலயத்தைத் தெரிவு செய்யலாம். நேரம் ஒன்றுதான்.

2. நிறுத்தி மீண்டும் போடும்போது திகதியே பல வருடம் பின்னே போனால், உள்ளே இருக்கும் நாணயம் போன்ற பற்றரி முடிந்துவிட்டது. பெரும்பாலும் அது சீஆர் 2032 வகை. விலை சொற்பம். திகதி பிழைத்தால் வங்கியின் இணையத்தளம்கூடத் திறக்காமல் போகலாம்.

3. நாளுக்கு நாள் சிறிது சிறிதாக விலகினால், அது உள்ளிருக்கும் பளிங்கின் குணம். பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழைத்தாலே நாளொன்றுக்கு 1.7 செக்கன், மாதத்தில் ஏறக்குறைய 50 செக்கன். இதற்கு மருந்து, அமெரிக்கரான டேவிட் மில்ஸ் 1980களில் உருவாக்கிய என்டிபி என்ற நேரம் சரிபார்க்கும் முறை. செய்தி போய்வர எடுத்த நேரத்தையும் கணக்கிட்டே அது முள்ளைத் திருத்தும். வேலை செய்யாவிட்டால், பயர்வோலில் யுடிபி 123ஆம் இலக்க வாசல் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சேர்வர் வெளியிலிருந்து நேரம் எடுக்கட்டும். கடையின் மற்றக் கணனிகள் சேர்வரிடமிருந்து எடுக்கட்டும்.

இன்னொன்று. நேரத்தைப் பின்னே திருப்புவதை வியாபாரம் நடக்கும்போது செய்யாதீர்கள். பில்களின் வரிசை குழம்பும். கடை பூட்டியபின், கணக்கைப் பிரதி எடுத்துவிட்டுச் செய்யுங்கள். பழைய பில்களை மாற்றவேண்டாம். இன்ன திகதி வரை இவ்வளவு நேரம் முந்தியிருந்தது என்று எழுதி, கணக்காளரிடம் கொடுத்துவையுங்கள்.

அந்தப் பில்லின் உண்மையான நேரம் 6.00. லொறி போக எடுத்தது ஒரு மணித்தியாலமும் 5 நிமிடமும். மூட்டைகளை எண்ணிப் பார்த்தோம், ஒன்றுகூடக் குறையவில்லை. முதலாளி பொடியனைக் கூப்பிட்டு, நான் இருக்கும்போதே வருத்தம் தெரிவித்தார்.

ஆளைச் சந்தேகிக்கும் முன் மணிக்கூட்டைச் சரிபாருங்கள்.