ரத்தம் சொன்ன சாட்சி!

குட்டீஸ்... நெய்வேலி நகரியத்தில் நான் ஆசிரியராக இருந்தபோது நடந்தது இது. மஞ்சள் காமாலை குணமாகி, டாக்டர் அனுமதித்த பிறகு பள்ளிக்கு வந்தான் ஒரு மாணவன். அவன் பக்கத்தில் யாருமே உட்காரவில்லை. கேட்டால், "ஒட்டிக்கும் சார்!" என்றனர். பெஞ்சு ஓரத்தில் தலை குனிந்திருந்தான் அவன். கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, இந்தக் கதையைச் சொன்னேன்.

1955ம் ஆண்டின் இறுதி. யமுனை நதி தடம் மாறியதால், டில்லிக்குக் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. சில வாரங்களில், சுமார் 29 ஆயிரம் பேருக்கு மஞ்சள் காமாலை!

காமாலை வைரஸ், கல்லீரல் செல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் சும்மா இருக்குமா? வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிக்கும். இந்தச் சண்டையில் கல்லீரல் வீங்கி, பிலிரூபின் என்ற மஞ்சள் பொருளை வெளியேற்ற முடியாமல் திணறும். அது ரத்தத்தில் சேர்வதால்தான் கண் மஞ்சளாகிறது.

வேறு சில வெள்ளை அணுக்கள், வைரசைப் பிடிக்க எதிர்ப்பொருள் தயாரிக்கும். முதலில் வருவது, 'ஐ.ஜி.எம்.' சில மாதங்களில் மறைந்துவிடும். அடுத்து வரும், 'ஐ.ஜி.ஜி.' பல ஆண்டுகள் காவல் இருக்கும். ஐ.ஜி.எம். இருந்தால், புதிதாக வந்த நோய். ஐ.ஜி.ஜி. மட்டும் இருந்தால், எப்போதோ வந்து போனது. நம் ஊர் சுரங்கத்தில் மண் அடுக்குகள் பழைய காலத்தைச் சொல்வது போல, ரத்தமும் சொல்லும்!

டில்லி நோயாளிகளின் ரத்த மாதிரிகள் பத்திரமாக இருந்தன. அவற்றை, புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தினரும், அமெரிக்க விஞ்ஞானிகளும் சோதித்து, 1980ல் முடிவை வெளியிட்டனர். அதுவரை, ஹெபடைடிஸ் 'ஏ' வைரஸ் மீதுதான் சந்தேகம். ஆனால், ரத்தத்தில் அதற்கான ஐ.ஜி.ஜி. இருந்தது, ஐ.ஜி.எம். இல்லை! அப்படியானால், குற்றவாளி வேறு வைரஸ்.

அதைத் தேடிய ரஷ்ய விஞ்ஞானி மிகயில் பாலயன், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே குடித்தார்! காமாலையில் விழுந்து, தன் மலத்திலேயே அந்த வைரசைக் கண்டு, 1983ல் அறிவித்தார். இன்று அதன் பெயர், ஹெபடைடிஸ் 'இ'. டில்லியைத் தாக்கியதும் இதுவே.

'ஏ', 'இ' இரண்டும் அசுத்தமான நீர், உணவு வழியே பரவுகின்றன. பக்கத்தில் உட்கார்வதால் அல்ல. காய்ச்சி ஆறிய நீரைக் குடியுங்கள். சாப்பிடும் முன்பும், கழிப்பறை சென்ற பின்பும் சோப்பால் கை கழுவுங்கள். கண் மஞ்சளானால், தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

கதை முடிந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் பையோடு எழுந்து போய், அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். நீங்களும் அப்படித்தானே செய்வீர்கள்?